ஃபீச்சாவின் வலப்பக்கம்

மார்ச் 9, 2019, சனி

கோழிகள் இன்று ஐந்து முட்டை. ஓய்வு பெற்ற ரொட்டிவண்டிக்காரன் எழுத இதைவிடப் பெரிய செய்தி இருக்காது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குள் போயானா வியன்னாவிலிருந்து கூப்பிட்டாள். மகள் கூப்பிட்டால் பேச்சு முழுக்க அம்மாவுக்கு. மிச்சம் மீதி எனக்கு. "அப்பா, நல்லா இருக்கியா? கோழியெல்லாம் நல்லா இருக்கா?" நானும் கோழிகளும் நலம் என்றேன்.

போனை வைத்த என் மனைவி ரூஷிட்சாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆகஸ்டில் குழந்தை. செப்டம்பரில் இவள் வியன்னா போகிறாள்.

"எத்தனை நாளைக்கு?"

"குழந்தை நடக்கிற வரைக்கும்."

எங்கள் தெருவில் இப்படிப் போன பெண்கள் பலர். விசா இல்லாமல் மூன்று மாதம் அங்கே இருக்க விடுவார்கள், பிறகு மூன்று மாதம் இங்கே, மறுபடி அங்கே. பேரக்குழந்தைகள் நடந்தன, ஓடின, பள்ளிக்கூடமும் போய்விட்டன. இவர்கள் இன்னும் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறார்கள். புருஷன்மார்கள் முற்றத்தில் தனியாக உட்கார்ந்து குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு அதை அடைத்து வைக்க ஒரு ஆளுக்கு எத்தனை ஜாடி வேண்டும் என்று அவர்களுக்குக்கூடத் தெரியாது.

என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நான் முந்திக்கொண்டு, "கோழிகளை யாராவது பார்த்துக்கணுமே" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

கொட்டகையைத் திறந்தேன். மக்காச்சோள மூட்டைகளுக்கு அடியில் ஃபீச்சா, எங்கள் பழைய குட்டிக் கார், இருக்கிறது.

எழுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. வெளிர்நீலம் என்று பதிவுப்புத்தகம் சொல்கிறது. இப்போது பார்த்தால் பழுப்பு, பச்சை, கோழி எச்சம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது கியர் போட்ட இடத்தில் நிற்காமல் வெளியே தாவ ஆரம்பித்தது. அதோடு மூடி வைத்தோம். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

இந்த வண்டியில்தான் ஒவ்வொரு ஜூலையும் மலை தாண்டிக் கடலுக்குப் போவோம். கூரை மேல் கூடாரம், மடக்கு நாற்காலி, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழியில் போயானா சுருண்டு தூங்குவாள். கீழே எஞ்சின் சூடு, அவளுக்குத் தாலாட்டே வேண்டாம். வண்டிக்குப் பின்பக்கம் இருக்கும் எஞ்சின் மூடியைக் குச்சி கொடுத்துத் திறந்து வைத்தபடியே ஏறுவோம், காற்றுப் படட்டும் என்று. எதிரே இன்னொரு ஃபீச்சா வந்தால் இருவரும் விளக்கை மினுக்குவோம். வழியில் தர்பூசணி வாங்கி ரூஷிட்சா மடியில் வைப்பேன். முதல் வளைவில் கடல் தெரிந்ததும் ஹார்ன் அடிப்பேன்.

இந்த ஜூலையில் அவளை அதே வண்டியில் அதே கடலுக்கு அழைத்துப் போனால்... போனால் என்ன? போனால் அவள் யோசிப்பாள். அவ்வளவுதான் என் திட்டம். கோழிக்கே புரிந்திருக்கும்.

மார்ச் 13, புதன்

பேட்டரி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 24, ஞாயிறு

வாலியெவோ டவுனில் ஃபீச்சாக்காரர்கள் ஞாயிறு காலையில் சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பத்துப் பன்னிரண்டு வண்டி, ஒவ்வொன்றும் தேய்த்து வைத்த ஸ்பூன் மாதிரி. நான் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

மஞ்சள் வண்டிக்காரன் ஒருவன், பேர் ராய்கோ, தபால்காரன், நாற்பது வயதிருக்கும். என் போனில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தான். அப்புறம் மற்றவர்களையும் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்தக் கோழி கம்பெனியிலேயே போட்டு வந்ததா, நீங்க பின்னாடி மாட்டினதா?"

"ஏற்றுமதி மாடல்" என்றேன். சிரித்தார்கள். அந்த ஒரு பதிலுக்குத்தான் காபி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

காபி குடிக்கும்போது ராய்கோ விவரம் சொன்னான். கியர்பெட்டி வேண்டுமென்றால் ஸ்ரேதென் என்று ஒருத்தர், மியோனிட்சாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர் கொட்டகையில் இல்லாத பாகம் கிடையாது, மாட்டியும் தருவார். அவர் கை வைத்த வண்டி மறுபடி ரிப்பேருக்கு வருவதில்லை. "ஆனா போன்ல பேசாதீங்க அண்ணே. நேர்ல போங்க. நான் கூட்டிட்டுப் போறேன், கொஞ்சம் பொறுங்க." நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

பொறுக்கவில்லை.

"வணக்கம். ஃபீச்சா கியர்பெட்டி இருக்கா? என்ன விலை?"

மறுமுனையில் ஒரு நாய் குரைப்பது கேட்டது. "விலைதான் முதல்ல வேணுமா உங்களுக்கு? அப்போ உங்ககிட்ட வண்டி இருக்காது" என்றார் ஸ்ரேதென். வைத்துவிட்டார்.

ராய்கோ தலையில் அடித்துக்கொண்டான். முதலில் விலை கேட்கிறவன் தரகன். ஊர் ஊராகக் கொட்டகைகளைத் துடைத்து ஜெர்மனிக்குப் பார்சல் கட்டுகிறவன். அவர் என்னையும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

எனக்கு இது தெரியாதா? ஒரு பன்றி வாங்கப் போனால்கூட முதலில் காபி, ஒரு வாய் பிளம் சாராயம், பிள்ளைகள் எப்படி, மழை ஏன் இப்படி... தொப்பியைத் தலையில் வைத்துக் கிளம்பும்போதுதான் விலை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். பன்றிக்குக் கொடுக்கிற மரியாதையை ஒரு கியர்பெட்டிக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

பழைய சாமான் சந்தையில் தண்ணீர் பம்ப் ஒன்று வாங்கினேன். பழைய தொழிற்சாலைப் பெட்டி, உள்ளே மெழுகுக் காகிதம், கிரீஸ் வாசனை. நாற்பது வருஷம் யாரும் தொடாதது என்று விற்றவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

இரவுச் சாப்பாட்டு மேசையில் அதை ரூஷிட்சா முன்னால் வைத்தேன். "பாரு."

"இதை எடு. நான் தட்டு வைக்கணும்."

ஏப்ரல் 13, சனி

எஞ்சின் ஓடியது. ராய்கோ காலையிலிருந்து கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினான். கியருக்குப் பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை இழுத்ததும் இருமி, புகை விட்டு, நின்று, மறுபடி இருமி, பிறகு ஓடியது. அதே சத்தம். தையல் மிஷினைத் தகர வாளிக்குள் போட்டு மிதித்தால் வருமே, அதே. சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புகையால்தான் என்று ராய்கோவிடம் சொன்னேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

ரூஷிட்சாவை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கொஞ்ச தூரம். மூன்றாவது கியரே கிடையாது, இரண்டாவதிலேயே ஏறினோம். மற்றபடி எல்லாம் பழையபடி. பிளம் மரங்கள் பூத்திருக்கின்றன. நான் ஏதோ பாடிக்கொண்டு போனேன்.

"நிறுத்து, கொதிக்கப் போகுது" என்றாள்.

சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவில்தான் இருந்தது. "புது பம்ப் போட்டிருக்கு."

"சிணுங்குது மனுஷா. சிணுங்கினா ரெண்டாவது வளைவுல கொதிக்கும்."

இரண்டாவது வளைவில் கொதித்தது. ராய்கோ வந்து கயிறு கட்டி இழுத்தான். வழியெல்லாம் ஜனங்கள் கை காட்டினார்கள். ரூஷிட்சா ராணி மாதிரி திருப்பிக் கை காட்டிக்கொண்டு வந்தாள்.

சந்தையில் விற்றவனுக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். பிள்ளைகளும் இல்லையாம்.

ஏப்ரல் 29, திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள். ராய்கோ சிவப்பு முட்டைகளோடு வந்தான், பின்னாலேயே ஸ்ரேதென். "ஈஸ்டர் வாரத்துல அவரால யார் வீட்டுக்கும் வர மாட்டேன்னு சொல்ல முடியாது" என்று ராய்கோ என் காதில் சொன்னான். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. காதில் முடி, கையில் கழுவிக் கழுவியும் போகாத கருப்பு. ஈஸ்டர் வழக்கப்படி, உடையாத முட்டைக்காரனுக்கு வெற்றி என்று முட்டையோடு முட்டை மோதினோம், என்னுடையது உடைந்தது. ராய்கோவுடையதும் உடைந்தது. ஸ்ரேதென் முட்டையை ரூஷிட்சா வாங்கி மேசையில் தட்டிப் பார்த்தாள். மர முட்டை.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இருபது வருஷமா இதே முட்டைதான், அம்மா. இவ்வளவு சீக்கிரம் யாரும் கண்டுபிடிச்சதில்லை."

"சத்தம் வேற மாதிரி இருக்குதே."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். காபி வந்தது. நான் விலை பற்றி மூச்சு விடவில்லை. மழையைப் பற்றிப் பேசினேன், அவர் பிள்ளைகளை விசாரித்தேன். அவ்வளவு நல்லவனாக இருந்தேன். ரூஷிட்சா மட்டும் தட்டை நீட்டிக்கொண்டே, "எதுக்கு இந்தத் தகரத்துல கை வைக்கிறீங்க? வருஷக்கணக்கா என் உயிரை வாங்கினது" என்றாள். பிறகு வரிசையாகச் சொன்னாள். குளிர்காலத்தில் எப்படிக் கத்தும், இறக்கத்தில் எப்படி, பாலத்தைத் தாண்டியதும் எப்படி.

ஸ்ரேதென் கோப்பையைக் கீழே வைத்தார். "மூணாவது கியர் ஊளையிடுமே, கேஸ் குடுக்கும்போதா, விடும்போதா?"

"விடும்போது. குடுத்தா ஊளை நின்னுடும்."

"தாவறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒரு தடவை தட்டும். கதவைத் தட்டற மாதிரி. அப்புறம்தான் தாவும்."

"எப்பவும் ஒரே தடவையா?"

"மழைன்னா ரெண்டு தடவை."

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் என் வீட்டு மேசையிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். எனக்குக் கேட்டதெல்லாம் என் பாட்டுதான் போலிருக்கிறது.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"பயம். வேற என்ன? நீ ரோட்டைப் பார்த்தே. நான் காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தேன், எப்போ நிக்கும்னு."

வண்டியை அடுத்த வாரம் சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ஸ்ரேதென். ரூஷிட்சாவும் வரட்டும் என்றார்.

மே 11, சனி

ஸ்ரேதென் கொட்டகை. மாதா கோயில் தேவலாம், அங்கேயாவது சத்தமாக இருமலாம். கதவுகள் ஒருபக்கம், விளக்குகள் ஒருபக்கம், கியர்பெட்டிகள் பலகை மேல் தூங்குகின்றன. எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி யாருடையது, ஏன் நின்றது, எல்லாம் சொல்கிறார். முகம் தெரியாத வண்டிக்குப் பாகம் கொடுப்பதில்லையாம்.

என் புது பம்பைப் பிரித்துக் காட்டினார். தண்டு சுற்றுகிறது, அதன் முனையில் இருக்கும் சின்ன விசிறி சுற்றவில்லை. போன வருஷத்துப் பொருள், பெட்டி மட்டும்தான் பழசு. அவர் கொடுத்தது நேர்மாறு: செய்தித்தாளில் சுற்றிய பழைய பம்ப், அழுக்கு, ஆனால் கனம்.

ரூஷிட்சாவுக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அவருடைய கோட்டை மடித்து விரித்தார். எனக்கு ஸ்பானர் கொடுத்தார். நான் தப்பான ஸ்பானரைப் பிடித்திருந்ததாகப் பிறகு தெரிந்தது.

விலை, நான் தொப்பியைப் போட்ட பிறகு சொன்னார். குறைக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 1, சனி

மூன்றாவது கியர் போட்ட இடத்தில் நிற்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

சந்தைக்குப் பின்னால் எங்கள் வண்டியில் போய் இறங்கினோம். வெளிர்நீலம். கோழி இல்லாததற்கு எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள்.

ரூஷிட்சாவைப் பற்றி ஸ்ரேதென் ஏதோ சொல்லி வைத்திருக்கிறார் போல. ஒவ்வொருத்தனாக வந்து, "அக்கா, ஒரு நிமிஷம் என் வண்டியைக் கேளுங்களேன்" என்கிறான். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சந்தையைச் சுற்றி வருகிறாள். இறங்கும்போது தீர்ப்பு. ராய்கோவின் மஞ்சள் வண்டியில் பின்சக்கரத்தில் ஏதோ முனகுகிறதாம். அவன் நம்பவில்லை. கழற்றிப் பார்த்துவிட்டு மாலையில் அவளுக்கு ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி கொண்டுவந்தான்.

திரும்பி வரும்போது அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று? எனக்குள் ஒரே கணக்கு. பலித்துவிட்டது, ஜூலையில் கேட்டுவிடலாம் என்று.

ஜூலை 2, செவ்வாய்

கேட்டேன். கூரைக் கம்பியைத் துடைத்து, கூடாரத்தை வெயிலில் விரித்துப் போட்டுவிட்டு, அவளை முற்றத்துக்குக் கூப்பிட்டேன்.

"வர வெள்ளிக்கிழமை. கடல். பழைய பாதையிலேயே."

"வரலை" என்றாள்.

"ஏன்?"

"அந்தப் பாதையில திரும்ப ஏற மாட்டேன், மிலுடின். மடியில தர்பூசணி, கழுத்துக்குப் பின்னாடி குழந்தை மூச்சு, காலுக்குக் கீழே தண்ணி பாட்டில். வளைவுக்கு வளைவு வயித்தைப் பொரட்டும். நீ பாடுவே. நீதான் கடலுக்குப் போனே. நான் அந்த சீட்டுல போனேன்."

"ஒரு தடவைகூடச் சொல்லலியே."

"வண்டி நின்னா இறங்கித் தள்ளுவே. எனக்கும் லைசென்ஸ் இருக்கு, ஆனா அப்போ மட்டும்தான் ஸ்டியரிங் என் கையில. அந்த நேரத்துலதான் எனக்கு நிம்மதி."

இருபத்தைந்து வருஷமாக நான் கட்டி வைத்திருந்த ஜூலை அது. கூடாரத்தை மடித்தேன். மடிக்கவும் வரவில்லை. எனக்கு எதுக்கு இந்த வண்டி, எதுக்கு இந்த வேலையெல்லாம்? யாருக்காக? சரி. போகட்டும் அவ. வியன்னாவுக்கே போகட்டும்.

ஜூலை 3, புதன்

கோழிகள் ஏழு முட்டை. பேச ஆளில்லை.

ஜூலை 21, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை. ராய்கோ வந்து கேட்டான், முதுகுவலி என்றேன். "முதுகா, மூஞ்சியா?" என்றான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பேத்தி. போனில் அழுகைதான் கேட்டது. ரூஷிட்சா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "சுத்தமா இருக்கு. ஒரு அடைப்பும் இல்லை" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம், ஒரு மாதத்துக்குப் பிறகு. அப்புறம் நான் கோழிகளுக்குத் தீனி போடப் போனேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று நடந்ததை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

பஸ் டிக்கெட் வாங்க நிலையத்துக்குக் கிளம்பினேன். நல்ல சீட்டாக, முன்பக்கம், அவள் முழங்காலுக்கு நீட்ட இடமிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். அது என் கடமை. சட்டைகூட மாற்றிவிட்டேன்.

"ஒரு டிக்கெட்டா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"பின்னே?"

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "மார்ச்சுல நான் உன்னைப் பார்த்துட்டு நின்னேன். நீ கோழியைச் சொன்னே. சரி, நீ யோசிச்சு நாளைக்குச் சொல்லுவியோன்னு நினைச்சேன். நீ கொட்டகையைத் திறந்தே. அஞ்சு மாசமா கியர்பெட்டியைப் பிரிச்சே, பம்பைப் பிரிச்சே, வாயை மட்டும் திறக்கலை."

"போயானா கூப்பிடலையே. ரெண்டே ரூம் வீடு."

"அப்பா வர மாட்டாரு, கோழியை விட்டுட்டு வர மாட்டாரு, கேட்டா சங்கடப்படுவாருன்னு அவ சொல்றா. நீ அவ கூப்பிடலைன்னு சொல்றே. நான் நடுவுல ரெண்டு பேரையும் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். எனக்கு வேற வேலையில்லையா?"

டிக்கெட்டுக்கு எடுத்த பணம் கையில் இருந்தது, அதைச் சட்டைப்பையில் வைத்தேன், மறுபடி வெளியே எடுத்தேன்.

"நானும் வரட்டுமா?" என்றேன். இதைச் சொல்ல இவ்வளவு நாளா? ஒரு முழு ஃபீச்சாவைச் சேர்த்துவிடலாம், இதைவிடச் சுலபம்.

"வா" என்றாள். ஏதோ உப்பை எடு என்பது மாதிரி.

பிறகு உட்கார்ந்து பேசினோம். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க அவள் முழங்கால் தாங்காது. ரயிலில் மாறி மாறி ஏற வேண்டும். அவள் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தாள்.

"அதுல போலாம்."

"நீதானே அன்னிக்கு..."

"மலைப்பாதையில வர மாட்டேன்னு சொன்னேன். வியன்னா வரைக்கும் சமவெளிதான். வண்டி இப்போ நல்லா இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"நான் ஓட்டறேன்."

செப்டம்பர் 6, வெள்ளி

கோழிகளை ராய்கோ எடுத்துப் போனான். கூண்டை மஞ்சள் வண்டியின் பின்சீட்டில் வைத்து, "இப்போ என்னோடதும் ஏற்றுமதி மாடல்" என்றான். ஸ்ரேதென் வந்தார். உபரி பெல்ட், செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு பம்ப், நாலு திருகாணி, எல்லாவற்றையும் ரூஷிட்சாவிடம் கொடுத்து எது எங்கே என்று விளக்கினார். எனக்குக் கை கொடுத்தார்.

செப்டம்பர் 7, சனி

எல்லை தாண்டிவிட்டோம். முத்திரை குத்திய போலீஸ்காரன் வண்டியைப் பார்த்தான், ஓட்டுகிறவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மூன்று மாதம் இருக்கலாம்.

ஓடும் வண்டியில் முழங்கால் மேல் வைத்து எழுதுவதால் கையெழுத்து இப்படி. ரூஷிட்சா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாலையை மட்டும் பார்த்து, எழுபதுக்கு மேல் போகாமல் ஓட்டுகிறாள். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டுகின்றன. அவள் கண்டுகொள்வதில்லை. என் காலுக்குக் கீழே தண்ணீர் பாட்டில், மடியில் பேத்திக்கு அவள் பின்னிய போர்வை இருக்கும் பை. கால் நீட்ட இடமில்லை. இருபுறமும் சூரியகாந்தி காய்ந்து தலை கவிழ்ந்து நிற்கிறது, ஆனால் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை, பின்னால் எஞ்சினையே கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ஓட்டுகிறவளுக்கு வலப்பக்கம், இந்த சீட்டில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. லேசாக, விடாமல். இடப்பக்கம், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஓட்டினேன், ஒரு நாளும் அடித்ததில்லை.

"இங்கே எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"எப்பவும்" என்றாள், கியர் மாற்றிக்கொண்டே.

கண்ணாடியை இறக்கிவிட்டேன்.